ஆத்துல நிக்கலாம், ஆனா ஆத்துக்கு எப்படிப் போறது?

இன்னைக்கு ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். ரெண்டு கரையும் உங்க நிலம், நடுவுல ஆறு. பத்திரப்படி தண்ணிக்கு அடியில இருக்கிற தரையும் உங்களுடையதுதான். யாரோ ஒருத்தர் படகுல மிதந்துக்கிட்டே அந்த இடத்தைக் கடந்து போறார். அவர் அத்துமீறி நுழைஞ்சவரா?

அமெரிக்காவில் இதுக்கு ஒரே பதில் கிடையாது. ஆத்தோட அடித்தரை தனியாருடையதுன்னா அனுமதி இல்லாம மேல மிதக்கக்கூட உரிமை இல்லைன்னு 1979-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பக்கத்து வயோமிங்கில் 1961 தீர்ப்புப்படி மிதக்கலாம். ஆனா மீன் பிடிக்க இறங்கி நின்னா அத்துமீறல்.

மொன்டானா மாநிலம் வேற வழியில போச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

அங்கே டியர்பார்ன்னு ஒரு ஆறு. கரையோரப் பண்ணையின் சொந்தக்காரர், இந்த இடத்துல ஆறும் என்னுடையதுதான்னு சொன்னார். மீன் பிடிக்கிறவங்களும் படகு விடுறவங்களும் ஒரு கூட்டமைப்பா சேர்ந்து வழக்குப் போட்டாங்க.

அதுவரை இருந்த அளவுகோல் விசித்திரமானது: மொன்டானா மாநிலமான 1889-ல் அந்த ஆறு வணிகப் போக்குவரத்துக்குப் பயன்பட்டதா? பயன்பட்டிருந்தா அடித்தரை அரசுக்குச் சொந்தம். 1880-களில் ரயில் பாதைக்கான ஸ்லீப்பர் கட்டைகளை டியர்பார்ன்ல மிதக்கவிட்டுக் கொண்டுபோனதுக்கு ஆதாரம் இருந்தது. வழக்கை ஜெயிக்க அதுவே போதும்.

ஆனா 1984 மே மாதத் தீர்ப்பு அதோட நிக்கல. நீதிமன்றம் கேள்வியையே மாத்திடுச்சு. தரை யாருடையதுங்கிறது முக்கியம் இல்லை. 1972 அரசியல் சட்டப்படி மாநிலத்தின் தண்ணீர் மக்களின் பயன்பாட்டுக்காக அரசிடம் இருக்கு. பொழுதுபோக்குக்குப் பயன்படுத்த முடியுற எந்தத் தண்ணீரையும் மக்கள் பயன்படுத்தலாம். அடுத்த மாசமே பீவர்ஹெட் ஆத்து வழக்கிலும் இதே முடிவு.

1985-ல் இதுக்குச் சட்டம் வந்தது. எல்லை எது? ஆத்தோட வழக்கமான உயர் நீர்மட்டக் கோடு. தண்ணி ரொம்ப நாள் நின்னு, நிலத்துச் செடிகொடி பெரும்பாலும் இல்லாம போன இடம் வரைக்கும். கண்ணால பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அந்தக் கோட்டுக்குள்ள நடக்கலாம், நிக்கலாம், தூண்டில் போடலாம். கோட்டைத் தாண்டினா தனியார் நிலம். குறுக்கே வேலி இருந்தா, நிலத்துக்குச் சேதம் இல்லாம சுத்திப் போகலாம்.

நீதிமன்றம் எப்பவும் பொதுமக்கள் பக்கமே சாய்ஞ்சதுன்னு நினைக்க வேண்டாம். ராத்தங்கல், பெரிய விலங்கு வேட்டை, சுத்துப்பாதைச் செலவை நில உடைமையாளர் தலையில கட்டுறது, இதெல்லாம் 1987-ல் சட்டத்துல இருந்து அடிபட்டுப் போச்சு.

இப்போ ஒரு ஓட்டை பாக்கி. ஆத்துல நிக்க உரிமை இருக்கு. ஆனா ஆத்துக்குப் போறதுக்காகத் தனியார் நிலத்தைக் கடக்க உரிமை இல்லை. அப்போ எங்கே இறங்குறது? பொதுச் சாலை ஆத்தைக் கடக்கிற இடத்துல, அதாவது பாலத்துப் பக்கத்துல.

அதனால சண்டை பாலத்துக்கு வந்தது. ரூபி ஆத்தோரம் பாலத்தை ஒட்டிப் போட்ட வேலிகள் பல வருஷ வழக்காச்சு. வேலியைப் பாலத்தோட சேர்த்துக் கட்டலாம், ஆனா மக்கள் இறங்க வழி விடணும்னு 2009-ல் சட்டம் போட்டாங்க. 2014-ல் மாநில உச்ச நீதிமன்றமும் பாலத்துல இருந்து ஆத்துக்கு இறங்குற உரிமையை உறுதி செஞ்சது.

எனக்கு இந்த வரலாற்றுல முக்கியமா படுறது இதுதான்: ஜெயிச்ச பிறகும் 30 வருஷம் போராட வேண்டியிருந்தது, அதுவும் வேலியில ஒரு ஆள் நுழையுற அளவு இடைவெளிக்காக. பொதுச் சொத்தை யாரும் முழுசா எடுத்துக்க வேண்டியதில்லை, போற வழியை அடைச்சாலே போதும்.

தீர்ப்புக்கு அடிப்படையா இருந்த பொது நம்பிக்கைக் கோட்பாடு நமக்கும் அந்நியம் இல்லை. 1996-ல் பியாஸ் ஆத்தோர ஹோட்டல் வழக்கில் நம்ம உச்ச நீதிமன்றம் அதையே ஏத்துக்கிச்சு: ஆத்துக்கு அரசு முதலாளி இல்லை, மக்கள் சார்பா இருக்கிற காவலாளி.

அடுத்த தடவை ஒரு ஆத்தங்கரையில வேலியைப் பார்த்தா, அது எதைக் காக்குதுன்னு மட்டும் பார்க்காதீங்க. எந்த வழியை அடைக்குதுன்னும் பாருங்க.