நன்னீர்ச் சொறிமுட்டை

நன்னீர்ச் சொறிமுட்டை அல்லது நன்னீர் ஜெல்லிமீன் (அறிவியல் பெயர்: கிராஸ்பெடகஸ்டா சோவர்பீ) என்பது ஏரி, குளம், நீர்த்தேக்கம், நீர் நிரம்பிய கல்குழி போன்ற நன்னீர்நிலைகளில் வாழும் சிறிய விலங்கு ஆகும். இது கடலில் காணப்படும் பெரிய சொறிமுட்டைகளின் வகுப்பைச் சேர்ந்ததன்று. ஹைட்ரா அடங்கிய ஹைட்ரோசோவா வகுப்பைச் சேர்ந்தது. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையே இதன் தாயகம் எனக் கருதப்படுகிறது. இன்று அண்டார்க்டிக்கா தவிர்ந்த எல்லாக் கண்டங்களிலும் இது பரவியுள்ளது.

கண்டுபிடிப்பு

1880 ஆம் ஆண்டு சூன் மாதம், இலண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் அமேசான் அல்லி வளர்க்கப்பட்ட வெந்நீர்த் தொட்டியொன்றில் இவ்விலங்கு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதனைக் கவனித்த வில்லியம் சோவர்பியின் பெயரால், விலங்கியலாளர் ரே லங்கெஸ்டர் இதற்குப் பெயரிட்டார். இதன் குடம்பி வளர்ந்து உருவாகும் பாலிப் நிலையை அதே தொட்டியில் 1884 இல் ஆல்பிரட் கிப்ஸ் போர்ன் விவரித்தார். இவர் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1885 இல் அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்ட இதே பாலிப், வேறொரு விலங்கு எனக் கருதப்பட்டுத் தனிப் பெயர் பெற்றது. இரண்டும் ஒன்றே என்பது பின்னரே தெளிவானது.

உடலமைப்பு

குடை வடிவ மெடூசா நிலையில் இதன் விட்டம் பொதுவாக 5 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். உடல் ஒளி ஊடுருவக்கூடியது. பெரும்பகுதி நீரால் ஆனது. குடையின் விளிம்பில் நூற்றுக்கணக்கான உணர்கொம்புகள் உள்ளன. அவற்றிலுள்ள கொட்டும் உயிரணுக்களால் இது சிறு விலங்கு மிதவைகளைப் பிடித்து உண்கிறது. மனிதருக்கு இதனால் தீங்கில்லை.

வாழ்க்கை வட்டம்

இவ்விலங்கு தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாலிப் நிலையில் கழிக்கிறது. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமுள்ள பாலிப்பிற்கு உணர்கொம்புகள் இல்லை. இது கற்களிலும் நீர்த்தாவரங்களிலும் ஒட்டி வாழ்ந்து, மொட்டு விடுதல் மூலம் பெருகுகிறது. குளிர் போன்ற பாதகமான சூழலில் உறையிட்டு உறங்குநிலையை அடைகிறது. நீர் 25 பாகை செல்சியசு அளவுக்கு வெப்பமடையும் கோடைப் பிற்பகுதியில் பாலிப்பிலிருந்து மெடூசாக்கள் தோன்றுகின்றன. எனவே ஓர் ஏரியில் இவை திடீரெனத் தோன்றி, சில வாரங்களில் மறைந்து, பல ஆண்டுகள் தென்படாமலும் போகலாம். மெடூசா இல்லாத ஆண்டுகளில் விலங்கே அங்கு இல்லை எனக் கொள்வது தவறாகும்.

பெரும்பாலான நீர்நிலைகளில் தோன்றும் மெடூசாக்கள் அனைத்தும் ஒரே பாலினத்தவையாக இருப்பதால், அங்கு பாலினப்பெருக்கம் நிகழ்வதில்லை. தனியொரு பாலிப்போ உறையோ புதிய நீர்நிலையில் கூட்டத்தைத் தோற்றுவிக்கப் போதுமானது என்பதை இது காட்டுகிறது. நீர்த்தாவரங்கள், வளர்ப்பு மீன்கள் ஆகியவற்றை இடம் மாற்றும்போது இவை கண்ணுக்குப் புலப்படாமல் உடன் செல்கின்றன. ஆகவே ஒரு நீர்நிலையின் தாவரத்தையோ மீன்தொட்டி நீரையோ மற்றொன்றில் இடாதிருப்பதே பரவலைத் தடுக்கும் எளிய வழியாகும்.

பிற நன்னீர் இனங்கள்

ஆப்பிரிக்காவின் தங்கனிக்கா ஏரியில் லிம்னோக்னிடா தங்கனிக்கே என்னும் இனம் வாழ்கிறது. இதனைக் கண்டு, அவ்வேரி முன்பு கடலோடு இணைந்திருந்ததாக விலங்கியலாளர் மூர் கருதினார். அக்கருத்து பின்னர் கைவிடப்பட்டது. இந்தியாவில், மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் கிருட்டிணா ஆற்றின் கிளையாறுகளிலிருந்து லிம்னோக்னிடா இண்டிகா என்னும் இனத்தை நெல்சன் அனந்தேல் விவரித்தார்.