களிப்பானையும் காக்ரேன் அம்மையாரும்

ஓசூரில் என் இளமையில், கேழ்வரகுக் களி கிண்டிய பானையில் இரவே நீரூற்றி வைப்பர். விடியலில் அன்னையார் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு துலக்குவார். வீட்டு ஆடவர் அதைத் தொட்டதில்லை, நானுந்தான்.

இவ்வேலைக்குப் பயன்தரும் இயந்திரம் கண்டவர் அமெரிக்காவின் ஜோசபின் காக்ரேன் அம்மையார். பணியாட்கள் கழுவியபோது அவருடைய பீங்கான் தட்டுகள் விளிம்புடைந்தன. 1883-இல் கணவர் கடன் வைத்து இறந்தார். கைம்பெண்ணான அம்மையார் கொல்லைக் கொட்டகையில் இயந்திரம் அமைத்து, 1886-இல் காப்புரிமை பெற்றார். கம்பிச் சட்டங்களில் அடுக்கிய தட்டுகள்மீது வெந்நீரை விசையுடன் பாய்ச்சும் அமைப்பு அது. 1893 சிகாகோ பொருட்காட்சியில் புகழடைந்தும், வாங்கியவை பெரும்பாலும் உணவு விடுதிகளே. இல்லங்களில் அவ்வளவு வெந்நீர் ஏது?

சிப்காட் ஆலையில் வேலை பார்க்கும் என் மருமகள் 2020 ஊரடங்கின்போது அத்தகைய இயந்திரமொன்றை வாங்கினாள். தட்டுகளை அது கழுவிவிடும்; அடிப்பிடித்த களிப்பானையிடம் தோற்றுவிடும். அதை இப்போது நான் துலக்குகிறேன். காண அன்னையார் இல்லை.