ராமாயணா: தி லெஜண்ட் ஆப் பிரின்ஸ் ராமா

ராமாயணா: தி லெஜண்ட் ஆப் பிரின்ஸ் ராமா என்பது வால்மீகி இராமாயணத்தைத் தழுவி ஜப்பானிய, இந்தியக் கலைஞர்கள் கையால் வரைந்து உருவாக்கிய அசைவூட்டத் திரைப்படமாகும். யூகோ சாகோ, கோயிச்சி சசாகி, ராம் மோகன் ஆகியோர் இதனை இயக்கினர். இசை வன்ராஜ் பாட்டியா. உரையாடல்கள் ஆங்கிலத்திலும் பாடல்கள் சமசுகிருதத்திலும் அமைந்தன.

பின்னணி

1983-இல் தொல்லியலாளர் பி. பி. லாலின் அகழாய்வுகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றிற்காகச் சாகோ இந்தியா வந்தார். அவர் இராமாயணத்தையே படமாக்குவதாக நாளிதழ் ஒன்று தவறாக எழுதியது. வெளிநாட்டவர் தம் விருப்பப்படி அதைப் படமாக்கலாகாது என விசுவ இந்து பரிசத் ஜப்பானியத் தூதரகத்திற்குக் கண்டனக் கடிதம் அனுப்பியது. அத்தவறான செய்தியைப் பின்னர் சாகோவே மெய்யாக்கினார் என்பது வேடிக்கையானது. இறைவனாக வணங்கப்படுபவரை நடிகர் ஒருவர் ஏற்று நடிப்பதைவிட ஓவியத்தில் காட்டுவதே பொருத்தம் என்பது அவரது கருத்து.

இந்தியாவுடன் கூட்டாகத் தயாரிக்க அவர் முயன்றார். அயோத்திச் சிக்கல் முற்றியிருந்த காலம் அது. மக்களின் உணர்வோடு கலந்த கதையைக் கேலிச்சித்திரமாக்க இயலாது என இந்திய அரசு மறுத்துவிட்டது. 'கார்ட்டூன்' என்றாலே நகைப்பு எனக் கருதப்பட்டதே இதற்குக் காரணம் எனலாம். எனவே படம் ஜப்பானில் உருவானது.

உருவாக்கம்

ஏறத்தாழ 450 ஓவியர்கள் ஒரு லட்சம் அளவிலான செல்லுலாய்டு தாள்களில் வரைந்தனர். வேட்டி உடுத்தும் முறை, பெரியோர் வாழ்த்தும் முறை போன்றவற்றை இந்தியக் கலைஞர்கள் ஜப்பானியருக்குக் கற்பித்தனர். படத்தின் தனித்த கவர்ச்சி இக்கலப்பில்தான் உள்ளது. ஜப்பானிய அசைவூட்டத்திற்கே உரிய விரிந்த காடுகளும் வானமும் பின்புலமாக அமைய, கதைமாந்தரின் அசைவும் உடையும் இந்தியத் தன்மை மாறாமல் உள்ளன. கும்பகர்ணன் போர்க்களம் புகும் காட்சி குறிப்பிடத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்ற ராம் மோகன், 1956 முதல் திரைப்படப் பிரிவின் கார்ட்டூன் பகுதியில் பயின்றவர்.

வெளியீடு

1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அடுத்த மாதமே புதுதில்லியில் நடைபெற்ற இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. ஆயினும் திரையரங்குகளில் அது பரவலாக வெளிவரவில்லை. இந்தி மொழிமாற்றத்தில் இராமருக்கு, தூர்தர்சன் தொடரில் இராமராக நடித்த அருண் கோவிலே குரல் கொடுத்தார். தொலைக்காட்சியில் அதைச் சிறுவயதில் கண்டவர்களின் நினைவில்தான் படம் நிலைத்திருந்தது. தமிழ், இந்தி, தெலுங்கு, ஆங்கில வடிவங்களில் 2025 சனவரி 24 அன்று இது இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. சாகோ 2012-இலும் ராம் மோகன் 2019-இலும் காலமாகியிருந்தனர்.