பொன்னியின் செல்வனுக்கு அடுத்து எதைப் படிப்பது?

பொன்னியின் செல்வனின் கடைசிப் பாகமான 'தியாகச் சிகர'த்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் எந்த ஊர் நூலகத்திலும் கேட்பது ஒன்றுதான்: “இதே மாதிரி வேற என்ன இருக்கு?” 1950 முதல் 1954 வரை மணியத்தின் ஓவியங்களோடு 'கல்கி' இதழில் வந்த தொடருக்காக வாரந்தோறும் காத்திருந்த தலைமுறைக்கும், 2022இல் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு ஐந்து பாகங்களையும் வாங்கிய இளைஞர்களுக்கும் இந்தக் கேள்வி பொது. வாசகர் மனம் அடங்காது என்பதைக் கல்கி அறிந்திருந்தார். அதனால்தான் கதைக்குப் பின் ஒரு முடிவுரை சேர்த்து, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கு விடை சொன்னார். தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தும் போனார்.

அவர் விட்ட இடத்திலிருந்து கதையை எடுத்துச் சென்றவர் விக்கிரமன். 'நந்திபுரத்து நாயகி' பழகிய முகங்களைத் திரும்பக் காட்டுகிறது. பிரிய மனமில்லாதவர்களுக்கு அது ஆறுதல். ஆனாலும் வந்தியத்தேவனின் குறும்பையும் நந்தினியின் பார்வையையும் இன்னொருவர் எழுத்தில் தேடுகிறவர் ஏமாந்துதான் போவார். அவை கல்கியின் நடையில் பிறந்தவை.

கதைமாந்தரை விட்டுக் காலத்தைப் பின்தொடர்ந்தால் நல்ல நூல்கள் பல கிடைக்கும். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' இராசேந்திரன் காலத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறது. பாண்டியர் மணிமுடியை ஈழத்திலிருந்து மீட்கும் படையெடுப்பு அதில் வருகிறது; 1963ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற நூல் அது. அருள்மொழிவர்மன் எப்படி இராசராசன் ஆனான், தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்ப எத்தனை பேர் உழைத்தார்கள் என்று அறிய விரும்புகிறவருக்குப் பாலகுமாரனின் 'உடையார்' ஆறு பாகங்களாகக் காத்திருக்கிறது. கடலும் கப்பலும் பிடித்தவர் சாண்டில்யனின் 'கடல் புறா'வை எடுக்கலாம். அதன் நாயகன் கருணாகரத் தொண்டைமானைப் பிடித்துப்போனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் கலிங்கப் போரை வென்று தருபவன் அவனே. நாவல் வழியாகப் பரணிக்குப் போகிறவருக்கு அந்தப் பழந்தமிழ் அவ்வளவு கடினமாக இராது.

ஆனால் நான் முதலில் பரிந்துரைப்பது நாவல் அன்று. பொன்னியின் செல்வனை மூடிவைத்த பின்னும் நெஞ்சில் தைத்து நிற்பது ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்விதானே? கல்கி அதைத் தெளிவாக அவிழ்க்காமலே விட்டார். அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு போனால் நாம் சென்று சேர்வது காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வந்த வீரநாராயண ஏரிக் கரையை நினைவிருக்கிறதா? அந்த ஏரியின் பக்கத்து ஊர் அது. அங்குள்ள அனந்தீசுவரர் கோயிலில், இராசராசனுடைய 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாக ஆய்வாளர்கள் கொள்ளும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது; அவர்களுடைய உறவினரின் நிலங்கள் விற்கப்பட்டதைச் சொல்கிறது. இரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டமும் உண்டு. பஞ்சவன் என்றால் பாண்டியன். நாவலின் மந்திரவாதி ரவிதாசனும் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளும் இந்தப் பட்டத்திலிருந்தே கிளைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இந்தக் கல்வெட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரறிஞர்கள் முரண்பட்டார்கள். 'சோழர்கள்' என்ற பெருநூலை எழுதிய கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கிருக்கலாம் என்று ஐயுற்றார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவர் கையிலும் ஏறத்தாழ ஒரே சான்றுகள்தாம், முடிவுகள் வேறு. பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதல் பகுதியை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1949இல் வெளியிட்டது. மறு ஆண்டே கல்கியின் தொடர் தொடங்கியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்டாரத்தார் பிறந்த ஊர் திருப்புறம்பயம். சதிகாரர்கள் நள்ளிரவில் கூடுவதாகக் கல்கி காட்டும் பள்ளிப்படை அந்த ஊரில்தான் இருக்கிறது.

வரலாற்று நூல் என்றால் சலிப்பூட்டும் என்று அஞ்சுகிறவர்கள் பண்டாரத்தாரின் தமிழைப் படித்துப் பார்க்கவேண்டும். தெளிந்த நடை, ஒவ்வொரு கூற்றுக்கும் கல்வெட்டோ செப்பேடோ துணை நிற்கும். நாவலைப் படித்துவிட்டு அதற்குள் நுழைகிறவருக்குக் கூடுதலாக ஓர் இன்பமும் உண்டு. அநிருத்தர், செம்பியன் மாதேவி, பழுவேட்டரையர் என்று தெரிந்த பெயர்களாகவே எதிர்ப்படும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வந்தியத்தேவருக்குக் கிடைத்திருப்பது குந்தவையின் கணவர் என்ற குறிப்புத்தான். அந்தச் சிறு குறிப்பிலிருந்து இத்தனை பெரிய இளைஞனைப் படைத்தவரின் கற்பனை எத்தகையது என்பது அப்போதுதான் முழுதாக விளங்கும். கல்கியின் மேல் எனக்குள்ள மதிப்பு பண்டாரத்தாரைப் படித்த பிறகு பன்மடங்கு உயர்ந்தது.

அரண்மனைகளே அலுத்துவிட்டன என்பவர்களுக்குப் பிரபஞ்சன் இருக்கிறார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடியாகக் கொண்ட 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் துபாஷிகளையும் தாசிகளையும் எளிய மக்களையும் முன்னே நிறுத்துகின்றன. வரலாற்று நாவலில் மன்னன்தான் நடுவில் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தை அவை மாற்றிவிடும்.

நம் நூலகங்களில் கல்கி ஓர் அடுக்கிலும் பண்டாரத்தார் வேறோர் அடுக்கிலும் இருக்கிறார்கள். நூலகர்களுக்கு என் வேண்டுகோள்: பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களுக்குப் பக்கத்தில் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தின் ஒரு படியையும் வையுங்கள். அடுத்து என்ன என்று கேட்டு வருகிறவரின் கையில் அதைக் கொடுங்கள்.