பாலத்துக்கு அப்பால் ஒரு சினிமாப் பள்ளிக்கூடம்



இந்தியத் திரைப்படத்தைப் புதிதாகப் பார்க்க வருபவர் எதில் தொடங்குவது? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. ஜொகூரில் நம்மோடு வேலை செய்யும் மலாய், சீன நண்பர்கள் கேட்கும் கேள்விதான் இது. நம்மில் பலர் உடனே தமக்குப் பிடித்த நாயகனின் படத்தைச் சொல்லிவிடுகிறார்கள். படத்தைப் பார்த்த நண்பர், "ஏன் இத்தனை பாட்டு?" என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை.

என் பதில் கொஞ்சம் வேறு மாதிரி. மும்பைக்கும் வேண்டாம், கோடம்பாக்கத்துக்கும் வேண்டாம். ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைத் தாண்டுங்கள். சிங்கப்பூரின் பாலஸ்டியர் வட்டாரத்தில் ஜாலான் அம்பாஸ் என்று ஒரு சிறிய தெரு உண்டு. அங்கே 8ஆம் எண்ணில்தான் ஷா சகோதரர்களின் மலாய் படப்பிடிப்புக்கூடம் இருந்தது. அங்கிருந்து தொடங்கலாம் என்கிறேன்.

முதலில் பாட்டு விஷயத்துக்கு வருவோம். 1931 மார்ச்சில் வெளிவந்த இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா'. அதில் 7 பாடல்கள். மறு ஆண்டே வந்த 'இந்திரசபா'வில் ஏறக்குறைய 70 பாடல்கள்! சினிமா அங்கே நாடக மேடையிலிருந்து இறங்கி வந்தது. பார்சி நாடகக் குழுக்கள் கதையைப் பாட்டாலேயே நகர்த்தின. அதே பார்சிக் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டில் பினாங்குக்கும் வந்தன. அவற்றைப் பார்த்து வளர்ந்ததுதான் 'பங்சாவான்' என்ற மலாய் நாடகம். பிற்பாடு மலாய்ப் படங்களில் நடித்தவர்கள் பலர் அந்த மேடையில் பாடிப் பழகியவர்கள். ஆக, இந்தியப் படமும் மலாய்ப் படமும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள்.

முதல் மலாய்ப் படம் என்று சொல்லப்படும் 'லைலா மஜ்னுன்' 1934இல் சிங்கப்பூரில் திரையிடப்பட்டது. இயக்கியவர் பஞ்சாபைச் சேர்ந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ். போருக்குப் பின் 1948இல் பினாங்குப் பக்கம் ஒரு மேடையில் பாடிக்கொண்டிருந்த இளைஞரைக் கண்டு, சிங்கப்பூருக்கு வரவழைத்தவரும் அவரே. அந்த இளைஞர்தான் பி. ரம்லி.

இந்தியப் படங்களுக்கு மலாய் ரசிகர்கள் கூட்டமாக வருவதைக் கவனித்த ஷா சகோதரர்கள், இந்திய இயக்குநர்களையே அமர்த்தினார்கள். முதல் போட்டவர்கள் சீனர்கள், இயக்கியவர்கள் இந்தியர்கள், நடித்தவர்கள் மலாய்க்காரர்கள். மூவினமும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தது!

மெட்ராசில் பிறந்த எல். கிருஷ்ணன் 1950இல் 'பக்தி' படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கினார். கல்கத்தாவில் 1938இல் சைகாலை வைத்து 'ஸ்ட்ரீட் சிங்கர்' எடுத்த பானி மஜும்தார், 1956இல் 'ஹங் துவா'வையும் 'அனாக்கு சசாலி'யையும் இயக்கினார். இரண்டாவது படத்தில் தகப்பனாகவும் மகனாகவும் நடித்த ரம்லிக்கு, 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அதே 1957இல் போட்டி நிறுவனமான கேத்தே கெரிஸுக்காக, மலாய்க் கிராமங்களின் பேய்க்கதையான 'பொந்தியானாக்'கைப் படமாக்கியவரும் ஓர் இந்தியர்தான். அவர் பி. என். ராவ்.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, நாம்தான் கற்றுக்கொடுத்தோம்" என்று மார்தட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அன்றைய மலாய் எழுத்தாளர்கள் இந்தப் படங்களைக் கடுமையாகக் குறை கூறினார்கள். இந்தியக் கதைக்குப் பாஜு மலாயு மாட்டிவிட்டால் அது மலாய்க்காரர் வாழ்க்கை ஆகிவிடுமா என்பதே அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இருந்தது.

ரம்லி அதற்குப் படத்திலேயே பதில் சொன்னார். 1955இல் 'பெனாரேக் பெச்சா'வைத் தாமே இயக்கினார். ஏழை ரிக்‌ஷாக்காரன், பணக்காரர் மகள் என்ற கதை நமக்குப் பழகியதுதான். ஆனால் பேச்சும் வீடும் பழக்கவழக்கமும் அசல் மலாய். 1948இல் திரையில் முகம் காட்டியவர், ஏழே ஆண்டில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நாம்? 1930களிலிருந்து இந்த மண்ணில் தமிழ்ப்படம் பார்த்து வருகிறோம். தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் பார்த்தோம், கொட்டகையில் பார்த்தோம், இன்று கைப்பேசியிலும் பார்க்கிறோம். நம் சொந்தக் கதைகளும் வந்திருக்கின்றன. தோட்ட வாழ்க்கையைச் சொன்ன 'செம்மண் சாலை' 2005இல் வந்தது. 2015இல் வெளிவந்த 'ஜகாட்' 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. ஆனாலும் சென்னைப் படத்துக்கு முதல் நாளே ஓடுகிற நாம், உள்ளூர்ப் படத்தைப் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். நம் சினிமாவுக்கு நாமே இன்னும் புதியவர்கள்.

ஆகவே, கேட்கும் நண்பருக்கு நான்கு படங்களை இந்த வரிசையில் சொல்லுங்கள். முதலில் 'அனாக்கு சசாலி'. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன மகனைத் தகப்பனே போலீசில் பிடித்துக் கொடுக்கிறார். அடுத்து 1957இல் வந்த 'மதர் இந்தியா'. வழிதவறிய மகனைத் தாயே சுடுகிறாள். மூன்றாவது 1974இல் சிவாஜி நடித்த 'தங்கப்பதக்கம்'. அதில் போலீஸ் அதிகாரியான தகப்பனுக்கு அதே சோதனை. கடைசியாக 'ஜகாட்'. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவன், தகப்பனின் கண்டிப்பையும் மீறிக் குண்டர் கும்பலின் பக்கம் சாய்கிறான்.

முதல் படம் நண்பருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கடைசிப் படம் நம்மில் பலருக்கே தெரியாது. அதை நண்பரோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.