கரும்பலகையும் மதிப்பெண்ணும்

நம் இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில், கணக்கு ஒன்றைச் செய்து காட்ட மாணவர் பீமராவை ஆசிரியர் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. பலகைக்குப் பின்னே சாதி இந்து மாணவர்களின் உணவுப் பெட்டிகள் இருந்தன. அவர்கள் ஓடிச் சென்று அவற்றை அகற்றிய பின்னரே நம் அண்ணலின் கை பலகையைத் தொட்டது. விடை சரியா என்பதைவிட எழுதுபவன் யார் என்பதே அவ்வகுப்பிற்குப் பெரிதாயிருந்தது.

1907இல் அண்ணல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறினார். பெற்ற மதிப்பெண்கள் 750க்கு 282. தர வரிசையில் அஃது உயர்ந்த இடமன்று. ஆயினும் கூட்டம் கூட்டி அவரைப் பாராட்டினர். கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அவர்கள் எண்ணை நோக்கவில்லை; அவர் கடந்து வந்த தொலைவை நோக்கினர். அம்மாணவரே 1923இல், இந்திய ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து, இலண்டனில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

மதிப்பெண் வேண்டா என்பதன்று நம் கருத்து. குறைந்த மதிப்பெண்ணோடு வரும் பிள்ளையிடம், 'கணக்கு உனக்கு வாராது' என்று எவரும் கூற நாம் இடங்கொடுத்தலாகாது. தவறிய கணக்கை அவனும் அவளும் மீண்டும் போடட்டும். கரும்பலகை நமக்கும் உரியது.