பெலிலியு: மூணு நாள்னு சொன்ன சண்டை

எஸ்டிமேட் தப்பினா நமக்கு ரிலீஸ் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 1944 செப்டம்பர் 15, பசிபிக்ல பெலிலியு தீவு. மூணு, நாலு நாள்ல முடிஞ்சிடும்னார் அமெரிக்க மரீன் ஜெனரல் ரூபர்டஸ். ஆனது 73 நாள்.

ஏன்? ஜப்பானியத் தளபதி நகாகாவா தன் ஆட்களைக் கடற்கரையிலேயே மொத்தமாப் பலி கொடுக்கல. பவளப்பாறைக் குகைகளுக்குள்ள வச்சு, மேடு மேடா சண்டை போட வச்சார்.

பிலிப்பைன்ஸ் தாக்குதலுக்கு இந்த விமானதளம் இடைஞ்சல்னுதான் இறங்கினாங்க. ஆனா ரெண்டு நாள் முன்னாடியே அட்மிரல் ஹால்சி இது வேண்டாம்னுட்டார். நிமிட்ஸ் நிறுத்தல. அக்டோபர் 20-லயே பிலிப்பைன்ஸ்ல இறங்கியாச்சு. பெலிலியு முடிஞ்சது நவம்பர் 27-ல. அமெரிக்கர் சுமார் 1,800 பேரும் ஜப்பானியர் பத்தாயிரத்துக்கும் மேலயும் செத்தாங்க.

கணக்கு தப்புறது சகஜம். தேவை குறைஞ்ச பிறகும் நிறுத்தாததுதான் உறுத்துது.